வேதம் வைத்த கணக்கு

குர்ஆனும் வானியலும் என்று பேச்செடுத்தாலே அது பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. வானங்களும் பூமியும் இணைந்திருந்து பின்பு பிரிக்கப்பட்டதைச் சொல்லும் 21ஆம் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் பெருவெடிப்பு இருக்கிறது என்பார்கள். 51ஆம் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்தில் பிரபஞ்சம் விரிவது இருக்கிறது என்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் மோரீஸ் புகாய் 1976இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இந்த வகை விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது. இன்று மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் அது சாதாரணம். எதிர்த்தரப்போ இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வேதத்துக்கும் விண்மீனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று முடித்துவிடுகிறது. இருவர் தேடுவதும் தவறான இடத்தில். இஸ்லாமிய வேதத்துக்கும் வானியலுக்கும் உள்ள உறவு உண்மையானது, ஆவணங்களைக் கொண்டு நிறுவக்கூடியது. வேதம் முன்கூட்டியே விடை சொல்லிவிட்டதால் வந்த உறவல்ல அது. வேதம் விதித்த கடமைகள் கணக்குக் கேட்டதால் வந்த உறவு.

வசனத்துக்குள் கண்டுபிடிப்பைத் தேடும் முறையில் என்ன கோளாறு? முதலாவது, அது எப்போதும் பிந்தித்தான் வருகிறது. விண்மீன் திரள்கள் விலகி ஓடுவதை எட்வின் ஹபிள் 1929இல் காட்டினார். அதற்கு முந்தைய பதின்மூன்று நூற்றாண்டுகளில் 51:47 வசனத்துக்கு உரை எழுதிய பேரறிஞர்கள் எவரும் அதை வைத்து விரியும் பிரபஞ்சத்தைக் கணித்துச் சொல்லவில்லை. இரண்டாவது, பொருத்தம் மேலோட்டமானது. பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி. வானமும் பூமியும் பிரிந்ததைச் சொல்லும் வசனத்தை, பூமி உருவாவதற்கு 900 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நிகழ்ச்சியோடு பொருத்த வேண்டுமானால் சொற்களை இழுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாவது, அறிவியல் தன் கோட்பாட்டைத் திருத்திக்கொண்டே போகும். இன்றைய கோட்பாட்டில் வேதத்தைக் கட்டிவைத்தால் நாளைய திருத்தம் வேதத்தின் தலையில் விழும். இந்த ஆபத்தைக் கிறித்தவ உலகமும் கண்டிருக்கிறது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பெருவெடிப்புக் கோட்பாடு படைப்பை உறுதிசெய்கிறது என்ற பொருள்பட உரையாற்றியபோது அதை விரும்பாதவர்களில் ஒருவர், அக்கோட்பாட்டுக்கு வித்திட்ட பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர். இஸ்லாமிய மரபுக்குள்ளும் இந்த எச்சரிக்கை பழையது. எல்லா அறிவியலையும் குர்ஆனிலிருந்து எடுத்துக்காட்ட முயல்வதை 14ஆம் நூற்றாண்டிலேயே கிரனாடாவின் சட்ட அறிஞர் ஷாத்திபி மறுத்திருக்கிறார்.

இந்த முறை எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்குச் நபிகள் காலத்தில் சந்திரன் பிளந்த அற்புதத்துக்குச் சான்றாகப் பரப்பப்படும் படமே சாட்சி. 1969இல் அப்பல்லோ 10 பயணத்தில் எடுத்த அந்தப் படத்தில் தெரிவது அரியாடியஸ் என்ற பள்ளம். அதன் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்; சந்திரனின் சுற்றளவோ 10,900 கிலோமீட்டருக்கும் மேல். நிலத்தட்டு கீழிறங்கியதால் உண்டான அத்தகைய பள்ளங்கள் அங்கே பல உள்ளன. அற்புதத்தை நம்புகிறவருக்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை; நம்பாதவரை இந்தப் படம் நம்பவைக்கப் போவதுமில்லை. உண்மை தெரியவரும்போது அடிபடுவது நம்பிக்கையாளரின் நாணயம்தான்.

வேதம் வானத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டுக்கொள்பவற்றைக் கவனித்தால் வேறொரு காட்சி விரிகிறது. பிறைகள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்கிறது 2:189. ஆண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கையும் அறியவே சந்திரனுக்குப் படிநிலைகள் வகுக்கப்பட்டன என்பது 10:5இன் கருத்து. சூரியன் உச்சி சாய்வதிலிருந்து இரவு இருளும்வரை தொழுகையை நிலைநாட்டச் சொல்கிறது 17:78. எங்கிருந்தாலும் முகத்தை மக்காவின் பள்ளிவாசல் பக்கம் திருப்பச் சொல்கிறது 2:144. மாதங்கள் பன்னிரண்டு என்று வரையறுத்து, சந்திர ஆண்டைச் சூரிய ஆண்டோடு ஒட்டவைக்க அரபியர் கடைப்பிடித்துவந்த மாதம் தள்ளும் வழக்கத்தையும் 9:36, 37 வசனங்கள் தடைசெய்கின்றன. ஆக, ஒரு விசுவாசியின் அன்றாட வாழ்க்கையில் மூன்று கேள்விகள் வந்து உட்கார்ந்தன: இப்போது நேரம் என்ன, மக்காவை நோக்கும் கிப்லா எந்தத் திசை, மாதம் என்றைக்குப் பிறந்தது? மதீனாவில் இருந்தவரை இவற்றுக்குக் கண்ணும் அனுபவமும் போதும். நூறு ஆண்டுகளுக்குள் ஸ்பெயினிலிருந்து சிந்துவரை ஒரு சமூகம் பரவியபோது, மூன்றுமே கோள வடிவியலின் கடினமான கணக்குகளாகிவிட்டன.

முதலில் நேரம். பிற்பகலில் தொழும் அஸர் தொழுகையின் நேரம் நிழலை வைத்து வகுக்கப்பட்டது. நண்பகலில் இருந்த நிழலோடு ஒரு பொருளின் உயரத்துக்குச் சமமான நிழல் கூடும்போது நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவின் விதி. உயரத்தைப்போல் இரு மடங்கு கூட வேண்டும் என்பது ஹனஃபிகள் பின்பற்றுவது. தமிழகக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதியாக இருப்பதால், அஸர் பாங்கு ஊருக்கு ஊர் முன்பின்னாக ஒலிப்பதன் காரணம் இதுவே. இந்த விதியைக் கணக்கில் போட்டால் அது ஓர் ஊரின் அட்சரேகை, அன்றைய சூரியனின் இடம், அதன் உயரக் கோணம் மூன்றையும் இணைக்கும் சமன்பாடாகிறது. கோணத்துக்கும் நிழல் நீளத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் இன்று பள்ளிக்கூடத்தில் டேஞ்சன்ட், கோடேஞ்சன்ட் என்று படிக்கிறோம். 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹபஷ் அல் ஹாசிப் போன்றவர்கள் நிழல் அட்டவணைகளை வகுத்தார்கள். அல் குவாரிஸ்மியின் பெயரில் பாக்தாதுக்கான தொழுகை நேர அட்டவணையும் கிடைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் எகிப்திலும் சிரியாவிலும் பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற பதவியே உருவானது. நேரத்தைக் கணித்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஒரு வானியலாளருக்கு வழிபாட்டுத் தலத்திலேயே நிரந்தர உத்தியோகம் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம்.

அப்படி ஒரு முவக்கித்தான் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் பணியாற்றிய இப்னு அஷ்ஷாத்திர். 1371இல் அந்தப் பள்ளிவாசலின் மினாராவுக்காக அவர் செதுக்கிய பளிங்குச் சூரியக் கடிகாரம் இடைக்காலத்தின் தலைசிறந்த கருவிகளுள் ஒன்று. அவர் அதோடு நிற்கவில்லை. பண்டைக் கிரேக்க வானியலாளர் தாலமியின் சந்திர மாதிரியில், சந்திரன் சில நாட்களில் இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அபத்தம் இருந்தது. அதை நீக்கும் புதிய மாதிரியை வகுத்தார். 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்தபோது, 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ள சந்திர மாதிரியும் இதுவும் கணித அளவில் ஒன்றாக இருப்பதைக் கண்டார். 1259இல் தொடங்கிய மராகா வான்நோக்ககத்தை நடத்திய நசீருத்தீன் தூசியின் இரட்டை வட்ட உத்தியும் கோப்பர்நிக்கஸிடம் காணப்படுகிறது. எந்த வழியாக அது போலந்துவரை போனது என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை. பூமியை மையத்திலிருந்து அகற்றும் துணிவு கோப்பர்நிக்கஸுடையது. இப்னு அஷ்ஷாத்திரின் உலகில் பூமி நடுவில்தான் இருந்தது. ஆயினும் நவீன வானியலின் வாசற்படியில் ஒரு பள்ளிவாசல் ஊழியரின் கணக்கு கிடக்கிறது என்பதை எவரும் மறுக்க முடியாது.

அடுத்தது திசை. சென்னையிலிருந்து மக்காவுக்குத் தட்டையான உலகப் படத்தில் கோடு போட்டால், மேற்கிலிருந்து 12 பாகை வடக்கே சாயும். ஆனால் பூமி உருண்டை. கோளத்தின் மேல் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட்டால் சாய்வு ஏறத்தாழ 18 பாகை. இதைக் கண்டறிய இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கோள முக்கோணத்தைத் தீர்க்கும் கணிதமும் வேண்டும். கஜ்னி நகரின் கிப்லாவைச் சரியாக நிறுவுவதற்கென்றே அறிஞர் அல் பீரூனி 1025இல் ஒரு நூலை முடித்தார். ஊர்களுக்கிடையிலான தூரங்களை அளப்பதும், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா மலையுச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தை அளந்து பூமியின் பருமனைக் கணிப்பதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்தன. 14ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸில் அல் கலீலி, எந்த அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் கிப்லாவைப் பார்த்துக்கொள்ளும்படி ஏறத்தாழ 3,000 உள்ளீடுகள் கொண்ட அட்டவணை தயாரித்தார். தூசி சொன்ன வழி எல்லாவற்றிலும் எளியது: சூரியன் மக்காவின் உச்சிக்கு நேரே வரும் கணத்தில், உலகில் அது தெரியும் இடமெல்லாம் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. ஆண்டுக்கு இருமுறை, மே 28 வாக்கிலும் ஜூலை 16 வாக்கிலும் இது நிகழ்கிறது. இந்திய நேரத்தில் முதலாவது பிற்பகல் 2.48 மணி, இரண்டாவது 2.57. ஒரு கம்பை நட்டு அதன் நிழலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் போதும். தமிழகத்தின் எந்தப் பள்ளிவாசலின் திசையையும் செலவில்லாமல் சோதித்துவிடலாம்.

இங்கே நியாயமான மறுப்புகள் சில எழுகின்றன. இந்த வானியல் கிரேக்கரிடமிருந்தும் இந்தியரிடமிருந்தும் வந்ததல்லவா என்பது ஒன்று. ஆம், வந்தது. 770களில் சிந்துப் பகுதியிலிருந்து பாக்தாதுக்குச் சென்ற சமஸ்கிருத வானியல் நூலும், தாலமியின் நூலுடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. சைன் என்ற கருத்தே இந்தியாவின் கொடை. சோதிடத்தில் கலீஃபாக்களுக்கு இருந்த மோகமும் பணத்தை வாரி இறைத்தது. 762இல் பாக்தாத் நகருக்கு நாள் குறித்தவர்களே சோதிடர்கள்தாம். ஆனால் சோதிடத்தை மார்க்க அறிஞர்கள் தொடர்ந்து கண்டித்துவந்தார்கள். அரசவையின் தயவு மாறினால் காணாமல் போயிருக்கக்கூடிய ஒரு துறைக்கு, சோதிடத்தின் நிழல் படாத மரியாதையான இடத்தைத் தொழுகையும் கிப்லாவும் தந்தன. கருவிகளைத் தந்தவர்கள் வேறு. நூற்றாண்டுக்கணக்கில் அவற்றைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்த தேவை வேறு.

சாதாரண மக்களுக்கு இத்தனை நுட்பம் தேவைப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. பல ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள் குளிர்காலச் சூரியோதயத்தையோ ஏதாவது ஒரு விண்மீனின் உதயத்தையோ பார்த்துக் கட்டப்பட்டவை. சட்ட அறிஞர்கள் அதைக் குறை சொல்லவுமில்லை. முயன்று அறிந்த திசை போதும் என்பதே அவர்களின் தீர்ப்பு. ஆகவே பீரூனியின் துல்லியம் மார்க்கத்தின் கட்டளையைத் தாண்டியது என்பது உண்மை. கேள்வியைக் கொடுத்தது மார்க்கம். பாகையின் பின்னம்வரை அதைத் துரத்தியது மனித அறிவின் தீராத ஆவல். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. இஸ்தான்புல்லில் வானியலாளர் தகீயுத்தீன் கட்டிய வான்நோக்ககத்தை 1580இல் சுல்தான் மூன்றாம் முராத் இடிக்கச் சொன்னதையும் மறைக்கத் தேவையில்லை. விண்ணின் இரகசியங்களைத் துருவுவது கேடு தரும் என்ற மார்க்கத் தலைமையின் அறிவுரை அதற்குத் துணைநின்றது. ஆனால் அதே நகரில் பள்ளிவாசல்களை ஒட்டியிருந்த நேரக் கணிப்பு அறைகள் 20ஆம் நூற்றாண்டுவரை இயங்கின. 1577இல் தோன்றிய வால்நட்சத்திரத்தைப் பார்த்து வெற்றி வருமென்று பலன் சொன்ன அரசவை நிறுவனம் வீழ்ந்தது. வழிபாட்டின் தேவையில் வேரூன்றியது பிழைத்தது.

வசனங்களில் அறிவியல் அற்புதம் இல்லை என்று சொல்வது வேதத்தைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று நம்பிக்கையாளர்கள் கேட்கலாம். நபிகள் நாயகத்தின் வாழ்விலிருந்தே இதற்கு விடை கிடைக்கிறது. அவருடைய கைக்குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் சாவுக்காக வானமே துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசத் தொடங்கியபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் மறுத்ததாக ஹதீஸ்கள் பதிவுசெய்கின்றன. தம் பெருமைக்குச் சான்றாக ஊரே நீட்டிய அற்புதத்தை அவர் ஏற்கவில்லை. இன்றைய வானியல் பின்னோக்கிக் கணித்து, 632 ஜனவரி 27 காலையில் மதீனாவில் சூரியனின் பெரும்பகுதி மறைந்ததை உறுதிசெய்கிறது. அந்தப் புதல்வர் இறந்த தேதியை வரலாற்றாளர்கள் நிலைநிறுத்துவதும் அதைக்கொண்டே. இமாம் கஸ்ஸாலியும் இதே தடத்தில் சென்றவர். கிரகணத்துக்கான கணித விளக்கத்தை எதிர்ப்பது மார்க்கப் பணி என்று நினைப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்பது 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வாதிட்டது. வேதத்தின் கண்ணியம் வானியலின் தயவில் நிற்கவில்லை என்று கருதியவர்களிடம்தான் வானியல் அச்சமின்றி வளர்ந்தது.

மூன்றாவது கேள்வியான மாதப் பிறப்பு இன்றைக்கும் நம் ஊர்களில் உயிரோடிருக்கிறது. அமாவாசைக் கணத்திலிருந்து அடுத்த அமாவாசைக் கணத்துக்குச் சராசரியாக 29.53 நாட்கள். பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட 11 நாட்கள் குறைவு. அதனால்தான் ரமலான் கோடையிலும் மழையிலும் மாறி மாறி வந்து ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. அமாவாசை நிகழும் கணத்தை வானியல் இன்று விநாடிக் கணக்கில் சொல்லிவிடும். ஆனால் மார்க்கத்தில் மாதம் தொடங்குவது பிறை தென்பட்டதும்தான்; தென்படாவிட்டால் முப்பதைப் பூர்த்தி செய்ய வேண்டும். சூரியனை விட்டுச் சந்திரன் மணிக்கு அரைப் பாகை வீதம் விலகுகிறது. விலகல் ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் பிறையே உருவாகித் தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் 1930களில் காட்டினார். சென்னையைவிட மக்காவில் சூரியன் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம் பிந்தி மறைகிறது. அதற்குள் பிறை ஒரு பாகைக்கு மேல் கூடுதலாக விலகிவிடும். இங்கே தெரியாத பிறை அங்கே தெரிவதில் மர்மம் ஒன்றுமில்லை. சிரியாவில் ஒரு நாள் முந்திப் பார்த்த பிறையை மதீனாவிலிருந்த நபித்தோழர் இப்னு அப்பாஸ் தமக்குப் பொருந்துவதாக ஏற்கவில்லை என்று ஒரு ஹதீஸ் சொல்வதை இந்தப் பின்னணியில் படித்தால் அது இன்னும் தெளிவாகிறது.

தமிழகத்தில் தலைமை காஜியின் அறிவிப்பையும், இலங்கையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பையும் எதிர்பார்த்து அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடுகள் காத்திருப்பதும், உள்ளூர்ப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீடு என்று மூன்று தரப்பாகி ஒரே தெருவில் பெருநாள் வேறு வேறு நாட்களில் வருவதும் பழகிய காட்சிகள். இந்தச் சச்சரவை வானியலால் முழுதாகத் தீர்க்க முடியாது. பக்கத்து நாட்டுப் பிறை நமக்குச் செல்லுமா என்பது சட்டக் கேள்வி. எந்தத் தொலைநோக்கியும் அதற்குத் தீர்ப்பு வழங்காது. ஆனால் பார்த்ததாகச் சொல்லும் சாட்சி நம்பத்தக்கதா என்பதில் வானியலுக்கு உறுதியான இடம் உண்டு. பார்க்கவே முடியாது என்று கணக்கு காட்டினால் சாட்சியை நிராகரிக்க வேண்டும் என்று 1355இல் மறைந்த ஷாஃபி அறிஞர் தகீயுத்தீன் சுப்கி எழுதியிருக்கிறார். மலேசியா, இந்தோனேசியா, புரூணை, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் அண்மையில், பிறை அடிவானத்துக்கு மேல் 3 பாகையும் சூரியனிலிருந்து 6.4 பாகையும் விலகியிருக்க வேண்டும் என்ற அளவுகோலை வகுத்துக்கொண்டன. 2007 அக்டோபரில் ரமலான் நோன்புக் காலத்தில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகூர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோதும் அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் இதே பாங்கில் செயல்பட்டார்கள். ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் எண்பது தொழுகைகளா என்ற கேள்விக்கு, புறப்பட்ட இடத்தின் நேரப்படி ஐவேளை போதும் என்று வழிகாட்டினார்கள்.

ஆயிரம் ஆண்டு வரலாறு காட்டும் உழைப்புப் பங்கீடு இதுதான். எதைச் செய்ய வேண்டும் என்பதை வேதம் சொல்கிறது. எப்போது, எங்கே, எந்தப் பக்கம் என்பதை மனிதர் அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அளக்கும் வேலை எஞ்சியிருந்ததால்தான் அந்தச் சமூகத்தில் வானியலாளர்கள் தோன்றினார்கள். எல்லா விடையும் ஏட்டிலேயே இருக்கிறது என்று எண்ணியிருந்தால் மராகாவில் கல் நட்டிருக்க மாட்டார்கள். வசனத்தில் கண்டுபிடிப்பைத் தேடுகிறவர், வேறொருவர் முடித்துவைத்த வேலைக்குப் பின்னால் நின்று உரிமை கொண்டாடுகிறார். தம் ஊர்ப் பிறையின் கோணத்தைக் கணக்கிட உட்காரும் மாணவரோ, பீரூனியும் இப்னு அஷ்ஷாத்திரும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறார்.